உதிரும் பல்லும் உறுதிப் பல்லும்

குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும் யாழ்ப்பாணத்து வீடுகளிற் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பர். தேங்காய்ச் சொட்டுக்களைப் பல்வரிசைபோற் பதித்த கொழுக்கட்டைகளைப் பிள்ளையின் தலைமீது சொரிந்து சுற்றத்தார் மகிழ்வர். பின்னர் அப்பல் ஆடி விழும்போது பிள்ளை அதனைக் கூரைமேல் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்கும் வழக்கமும் உண்டு. பல்லின் வரவுக்கும் பிரிவுக்கும் இத்துணைச் சிறப்புச் செய்யும் நாம், இடைப்பட்ட ஆண்டுகளில் அதனைப் பேணுவதிற் போதிய கருத்துச் செலுத்துவதில்லை. “பாற்பல்தானே, எப்படியும் விழப்போவது” என்று பெற்றோர் பலர் வாளாவிருந்து விடுகின்றனர். அதன் விளைவைப் பிள்ளை தன் வாழ்நாள் முழுவதும் சுமக்க நேரிடலாம்.

பாற்பற்கள் 20. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் கீழ்த்தாடையின் முன்பற்களோடு தொடங்கும் இவை, இரண்டரை வயதுக்கும் 3 வயதுக்கும் இடையில் நிறைவுறுகின்றன. முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கினாலும், கடைவாய்ப் பாற்பற்கள் 10 முதல் 12 வயது வரை நிலைத்திருக்க வேண்டியவை. உணவை மெல்லுவதற்கும் சொற்களைத் திருத்தமாக உச்சரிப்பதற்கும் பாற்பற்கள் துணை செய்கின்றன. அன்றியும், ஒவ்வொரு பாற்பல்லும் தனக்குப்பின் வரும் நிலைப்பல்லுக்கு இடங்காத்து நிற்கின்றது. சூத்தையினால் அதனைக் காலத்துக்கு முன் பிடுங்க நேர்ந்தால், அயலிலுள்ள பற்கள் அவ்வெளியிற் சாய்ந்துவிடும். நிலைப்பல் இடமின்றிக் கோணி முளைக்கும். சூத்தை வேர்வரை சென்று சீழ் கட்டினால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லும் ஊறுபடக்கூடும்.

பெற்றோர் சிறப்பாக அறிந்திருக்க வேண்டியது ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லைப் பற்றியாகும். இந்நிலைப்பல் எந்தப் பாற்பல்லும் விழாமலே, வரிசையின் பின்புறத்தில், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக முளைக்கின்றது. ஒன்றும் விழாமையால் அதனையும் பாற்பல்லென்றே பலர் எண்ணிவிடுகின்றனர். ஆழ்ந்த பள்ளங்களையுடைய அப்பல்லில் உணவு எளிதில் தங்கும். ஆகவே, நிலைப்பற்களுள் முந்தி வருவதாகிய இதுவே பெரும்பாலும் முந்திச் சூத்தையாகியும் விடுகின்றது. அதனை இழந்தால் வேறொரு பல் முளைப்பதில்லை. பிள்ளைக்கு 6 வயதானதும் வாயைத் திறப்பித்து, வெளிச்சத்திற் பின்வரிசையைப் பார்த்தல் ஒவ்வொரு தாய் தந்தையரதும் கடமையாகும்.

சூத்தை உண்டாகும் முறை எளிதில் விளங்கக் கூடியது. பல்லின்மேற் படியும் மெல்லிய படலத்தில் வாழும் பற்றீரியாக்கள், நாம் உண்ணும் சீனியை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் வெளிப்பூச்சாகிய மிளிரியிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கின்றது. உமிழ்நீரோ அமிலத்தைத் தணித்து, இழந்த சத்தைச் சிறிது சிறிதாக மீட்டுக் கொடுக்கின்றது. ஆனால் அதற்கு ஓய்வு வேண்டும். அரை மணிக்கொருமுறை ஓர் இனிப்பு வாயிற் புகுமாயின், உமிழ்நீர் தன் வேலையைச் செய்து முடிப்பதெங்ஙனம்?

சுவீடனில் விப்பேகொல்ம் என்னும் மனவளர்ச்சி குன்றியோருக்கான வைத்தியசாலையில் 1945ஆம் ஆண்டு முதல் நடாத்தப்பெற்ற ஆய்வு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டிற்று. உணவோடு சேர்த்துண்ட சீனியிலும், உணவு வேளைகளுக்கிடையே உண்ட ஒட்டுந் தன்மையுள்ள இனிப்புக்களே பற்களைப் பெரிதும் அழித்தன. தம் சம்மதத்தைத் தெரிவிக்க இயலாத நோயாளரைப் பயன்படுத்தியமையால் அவ்வாய்வு பிற்காலத்திற் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. அவர்கள் பட்ட துன்பத்தினூடாகக் கிடைத்த அறிவை நாம் புறக்கணித்தல் தகாது. பிள்ளைக்கு இனிப்புக் கொடுப்பதாயின் உணவோடு கொடுங்கள்; நாள் முழுவதும் ரொபியும் விசுக்கோத்துமாகக் கொறிக்க விடாதீர்கள். பனங்கட்டியும் கற்கண்டும் பல்லைப் பொறுத்தவரையிற் சீனியின் உடன்பிறப்புக்களே.

இனி, அன்றாடம் செய்யவேண்டியவற்றை நோக்குவோம். முதற்பல் முளைத்த நாளிலிருந்தே துலக்குதல் தொடங்க வேண்டும். பால் நிறைந்த சூப்பிப் போத்தலை வாயில் வைத்தபடியே குழந்தையைத் துயில விடலாகாது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால், பால் மேல்முன்பற்களைச் சூழ்ந்து தங்கி அவற்றை அரித்துவிடும். புளோரைட்டு கலந்த பற்பசையே மிளிரியை வலுப்படுத்தும். பத்து இலட்சம் பங்கில் 1000 பங்கேனும் புளோரைட்டு உள்ளதா எனப் பெட்டியிற் பார்த்து வாங்குக. 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், 3 முதல் 6 வயதுவரை ஒரு பட்டாணியளவும் போதும். காலையிலும் படுக்கைக்குப் போகுமுன்னும் துலக்கி, நுரையைத் துப்பிவிடச் செய்யுங்கள். நிரம்ப நீர்விட்டுக் கொப்பளித்தால் மருந்து கழுவப்பட்டுவிடும். ஏழெட்டு வயதுவரை பெரியோர் ஒருவரே துலக்கிவிடுதல் நன்று. வேப்பங்குச்சி பல்லைத் தேய்க்க உதவுமாயினும் புளோரைட்டைத் தராது. உமிக்கரியோ மிளிரியைத் தேய்த்துத் தேய்வடையச் செய்யும்.

புளோரைட்டும் அளவுக்கு மிஞ்சினால் தீதாகும். அநுராதபுரம், வவுனியா முதலிய வறண்ட பகுதிகளில் நிலத்தடி நீர் சிலவற்றில் அது மிகுந்து காணப்படுகின்றது. பற்கள் உருவாகும் பருவத்தில் அந்நீரைப் பருகும் பிள்ளைகளின் நிலைப்பற்களில் வெண்புள்ளிகளோ பழுப்புக் கறையோ தோன்றும். உலகச் சுகாதார நிறுவனம் விதித்த எல்லை இலீற்றருக்கு 1.5 மில்லிகிராம். கொதிக்க வைப்பதால் புளோரைட்டு நீங்குவதில்லை. ஆகவே அப்பகுதியார் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்து, ஏற்ற நீரையே குழந்தைகளுக்குக் கொடுத்தல் வேண்டும்.

விளையாட்டு மைதானத்தில் நிலைப்பல் முழுதாகக் கழன்று விழுந்தாலும் மனந்தளர வேண்டியதில்லை. வேரைத் தொடாது தலைப்பாகத்தைப் பிடித்தெடுத்து, அழுக்கிருப்பின் நீரிற் சில கணம் அலசி, உடனே குழியிற் பொருத்துங்கள். இயலாதாயின் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள், கூடுமாயின் அதற்கும் முன்னரே, பல் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். பல் மீண்டும் வேரூன்றக் கூடும். பாற்பல்லை மட்டும் அவ்வாறு திரும்பப் பொருத்தலாகாது.

1950களில் நியூசிலாந்து நாட்டின் உதவியோடு மகரகமையிற் பல் தாதியர் பயிற்சி தொடங்கியதன் பயனாக, நம் நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசப் பற்சிகிச்சை கிடைத்து வருகின்றது. அச்சேவையைப் பயன்படுத்துங்கள். “குழப்படி செய்தால் பல்லுப் பிடுங்குவிப்பேன்” என்று பிள்ளையை வெருட்டாதீர்கள். அச்சத்தோடு வளரும் பிள்ளை, நோவு தாங்கமுடியாத நிலையிலேதான் வைத்தியரை நாடும். வகுப்பிற் கன்னத்தைக் கையிலேந்திச் சோர்ந்திருக்கும் மாணவனைச் சோம்பேறியென்று கடிந்துகொள்வது எளிது. இரவெல்லாம் பல்வலியால் உறங்காத பிள்ளைக்குக் கணக்கும் இலக்கணமும் எவ்வாறு ஏறும்? இன்றிரவு பிள்ளை படுக்கைக்குச் செல்லுமுன், பெற்றோரே, ஒரு முறை அதன் வாயைத் திறந்து பாருங்கள்.