ஆற்றங்கரை மதிப்பீடுகள் – 6: மணலின் தொலைவும் ஆண்டுகளின் விலையும்

ஒரு பாலத்துக்கோ கால்வாய்க்கோ எவ்வளவு செலவாகும் என்று கணிக்கும் முறைகளுள் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. அந்தத் தொகையை வைத்து எந்த முடிவை எடுக்கப் போகிறார்கள், அந்த நேரத்தில் எத்தனை விவரங்கள் கைவசம் இருக்கின்றன என்ற இரண்டையும் பொறுத்தே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் கட்டுமான வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணியில் ஒரு லட்சம் கனஅடிக்கும் மேற்பட்ட வெள்ளம் பெருகி, ஆற்றங்கரை ஊரான ஏரலையும் எதிர்க்கரை ஊர்களையும் இணைக்கும் பாலத்தின் வழியான போக்குவரத்து துண்டிக்கப்பட்டபோது தேவைப்பட்டது தோராய மதிப்பீடுதான். முன்பு முடிந்த ஒத்த வேலை ஒன்றின் செலவை எடுத்து, பாலமானால் மீட்டருக்கு இவ்வளவு, சாலையானால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பெருக்கிச் சொல்வதே இம்முறை. ஆற்றுப் படுகையில் துளையிட்டு மண் எந்த ஆழத்தில் உறுதியாக இருக்கிறது என்று பார்த்து முடிக்கும்வரை ஊர்கள் தனித்துக் கிடக்க முடியாது என்பதால், முதலில் தற்காலிகச் சீரமைப்புக்கு இத்தகைய தொகையைப் போட்டு, நிரந்தரச் சீரமைப்பைப் பின்னர் விரிவாகக் கணக்கிடுவது பொதுப்பணியில் நெடுங்கால வழக்கம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே 1843-இல் திறக்கப்பட்ட பாலத்துக்கும் ஏறத்தாழ அரை லட்சம் ரூபாய் என்ற கணிப்பே தொடக்கமாக இருந்தது; பொதுமக்களிடம் நன்கொடை திரட்டலாமா என்று முடிவு செய்ய அது போதுமானதாக இருந்தது. சுலோசன முதலியார் என்பவர் தாமே அந்தச் செலவை ஏற்க முன்வந்ததால் பாலத்துக்கு அவர் பெயர் நிலைத்தது.

விரிவான மதிப்பீடு வேறு வகையானது. மண் தோண்டுதல், கான்கிரீட் இடுதல், கம்பி கட்டுதல் என்று வேலையை இனம் இனமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அளவையும் வரைபடத்திலிருந்து எடுத்து, அரசு வெளியிடும் விலை விகிதப் பட்டியலால் பெருக்கிக் கூட்டுவது அது. இதில் வெளியார் கவனிக்காத ஒரு நுட்பம், பொறியாளர்கள் ‘லீட்’ என்று சொல்லும் தொலைவு, அதாவது பொருள் கிடைக்கும் இடத்திலிருந்து வேலை நடக்கும் இடம்வரை உள்ள தூரமும் அதற்கான ஏற்றுகூலியும் ஆகும். ஏரலில் ஆறு ஊரை ஒட்டியே ஓடுவதால் மணலுக்கு ஏற்றுகூலியே இராது என்று புதியவர் நினைக்கக்கூடும். ஆனால் 2010 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுகளுக்குத் தடை விதித்தபோது, கண்ணுக்கு எதிரே கிடக்கும் மணலின் தொலைவு பூஜ்யமாக இல்லாமல், வேறு ஆற்றின் மணலோ கல்குவாரியில் உடைத்துப் பொடியாக்கும் எம்-சாண்டோ வரும் வழியின் நீளமாக மாறியது. ஒரு தீர்ப்பு வந்ததும் மாறிவிடும் எண் இது. விரிவான மதிப்பீட்டின் துல்லியம் அது எழுதப்பட்ட நாளின் நிலவரத்துக்கு மட்டுமே உரியது.

இந்தக் குறை எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்குத் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டமே சான்று. ஏரலைக் கடந்து புன்னக்காயலில் கடலில் சேரும் உபரி நீரில் ஒரு பகுதியைக் கன்னடியன் கால்வாய்ப் பகுதியிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் வெட்டி நாங்குநேரி, ராதாபுரம், சாத்தான்குளம் பகுதிகளின் வறண்ட நிலங்களுக்குத் திருப்பும் இத்திட்டத்துக்கு 2009-இல் போடப்பட்ட மதிப்பீடு 369 கோடி ரூபாய். அது 872 கோடியாகத் திருத்தப்பட்டு, 2025 பிப்ரவரியில் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தபோது 1,060 கோடியைத் தொட்டிருந்தது. இடைப்பட்ட காலத்தில் நிலம் எடுப்பது இழுபட்டது, பொன்னாக்குடி அருகே நான்குவழிச் சாலையைக் கடக்கும் பாலம் நெடுநாள் நிலுவையில் நின்றது, நில எடுப்புச் சட்டமே 2014 சனவரி முதல் புதிதாயிற்று.

மூன்று மடங்கை நெருங்கும் இந்த உயர்வைக் கண்டதும் பொறியாளர் தவறாக அளந்தார் என்று சொல்வது எளிது. ஆனால் ஆண்டுக்கு 7 விழுக்காடு விலையேற்றம் என்று வைத்துக்கொண்டால் 369 கோடி பதினைந்து ஆண்டுகளில் சுமார் 1,018 கோடியாகும். தொடக்கக் கட்டங்களின் பணம் முன்னதாகவே செலவானதால் இக்கணக்கு உயர்வு முழுவதையும் விளக்காது என்றாலும், தாமதமே பெரிய செலவு என்பதை உணர்த்தப் போதும். கனமீட்டர் கணக்கில் வரும் பிழையைவிட நாட்காட்டியில் வரும் பிழையே கருவூலத்துக்குப் பாரமாகிறது. விலை விகிதப் பட்டியலிலோ தாமதம் என்ற பெயரில் ஓர் இனமே இல்லை.

இதை ஈடுகட்டக் கையாளப்படும் முறைகளுள் ஒன்று மும்முனை மதிப்பீடு. குறைந்தபட்சம், பெரும்பாலும் நேரக்கூடியது, அதிகபட்சம் என மூன்று எண்களைக் கேட்டு, நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுப்பது அதன் கணக்கு. இது 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் வேலை முடியும் காலத்தைக் கணிக்க உருவானது. ஆனால் மூன்று எண்களும் ஒரே மனிதரின் மனத்திலிருந்து வருவதால், அவர் எண்ணிப் பார்க்காத இடையூறு அதிகபட்ச எண்ணிலும் ஏறாது.

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் முன்வைத்த கருத்தை ஒட்டி பெந்த் ஃப்ளூபியர்க் வளர்த்த ஒப்பு வகை முறை இங்கே கூடுதலாகப் பொருந்துகிறது. கையிலுள்ள வேலையின் உள்விவரங்களைச் சற்று ஒதுக்கிவிட்டு, அதே வகையைச் சேர்ந்த முடிந்த வேலைகள் தம் முதல் மதிப்பீட்டை எவ்வளவு தாண்டின என்று பார்த்து, அந்த விகிதத்தைப் புதிய மதிப்பீட்டின் மேல் ஏற்றுவதே இம்முறை. ஃப்ளூபியர்க் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 20 நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களில் பத்தில் ஒன்பது மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன; சராசரி மிகை ரயில் திட்டங்களில் 45 விழுக்காடு, பாலங்களிலும் சுரங்கங்களிலும் 34, சாலைகளில் 20.

வெளிநாட்டுப் பாலத்தையும் ஏரலின் பாலத்தையும் ஒரே வகையில் அடக்க முடியாது என்ற மறுப்பு நியாயமானதே. அதனால்தான் ஒப்பு வகை இந்த ஆற்றுக்குள்ளிருந்தே எடுக்கப்பட வேண்டும்: ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நடந்த கரைச் சீரமைப்பு, பாலம், மடை வேலைகளின் முதல் மதிப்பீடும் முடிவுக் கணக்கும், தொடங்கிய நாளும் முடிந்த நாளும் ஒருசேர வரிசைப்படுத்தப்பட்டால், நிர்வாக ஒப்புதலுக்கு அனுப்பும் தொகையோடு அந்த விகிதத்தையும் ஒரு தனி வரியாகச் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் தொகை பெரிதாகத் தெரிந்து திட்டமே கைவிடப்படலாம் என்ற அச்சம் அலுவலகங்களில் உண்டு. திருத்திய மதிப்பீடு என்ற வழி எப்போதும் திறந்திருக்கும்வரை அந்த அச்சம், குறைத்து எழுதும் பழக்கமாகவே தொடரும்.