பட்டம் வாங்கிய பிறகு ஒரு சீசன்

2016 மார்ச் 17. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் கல்லூரிக் கூடைப்பந்து தேசியப் போட்டியின் முதல் சுற்று. பலம் வாய்ந்த பெய்லர் பல்கலைக்கழகத்தை, படிப்புக்குப் பேர்போன யேல் 79-75 என்று வீழ்த்தியது. அந்தப் போட்டியில் யேலுக்குக் கிடைத்த முதல் வெற்றியே அதுதான். மகாய் மேசன் என்ற மாணவர் மட்டும் 31 புள்ளிகள் எடுத்தார். இரண்டரை ஆண்டு கழித்து அதே மேசன் பெய்லர் அணியின் சட்டையோடு ஆடுகளத்தில் இறங்கினார். தங்களைத் தோற்கடித்த பையனையே பெய்லர் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது.

இது எப்படி நடந்தது என்று புரிய ஒரு கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் நெடுங்காலமாக இருந்த விதி: கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு, அதற்குள் நான்கு சீசன் ஆடிக்கொள்ளலாம். காயம் பட்டுப் படுத்தாலும் அந்த ஐந்து ஆண்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் ஆடாத சீசன் கணக்கில் கழியாது. மேசனுக்குப் பாதக் காயத்தால் ஒரு சீசன் முழுவதும் போயிற்று. அடுத்த சீசனில் ஒரே ஓர் ஆட்டம். 2018-ல் நான்கு ஆண்டுப் படிப்பு முடிந்து பட்டம் கைக்கு வந்தபோது ஆட்டம் இன்னும் ஒரு சீசன் பாக்கி இருந்தது. யேல் அடங்கிய ஐவி லீக்கில் முதுநிலை மாணவர்கள் ஆட அனுமதி இல்லை. வேறு கல்லூரிக்குப் போவதைத் தவிர வழியில்லை.

அந்தக் காலத்தில் பட்டம் வாங்காமல் கல்லூரி மாறிய கூடைப்பந்து வீரர் ஒரு முழு ஆண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். பயிற்சிக்குப் போகலாம், ஆட முடியாது. பட்டம் வாங்கியவருக்கு மட்டும் அந்தத் தண்டனை இல்லை. இந்தச் சலுகை 2006-ல் வந்தது. அரிசோனா ஸ்டேட்டில் பட்டம் முடித்த கெவின் க்ரூகர், தன் அப்பா லான் க்ரூகர் பயிற்சியாளராக இருந்த லாஸ் வேகாஸ் பல்கலைக்கழகத்துக்கு அந்த விதியைக் கொண்டுதான் போனார். 2007 ஜனவரியில் உறுப்புக் கல்லூரிகள் விதியை வாக்களித்து நீக்கின. பழைய கல்லூரியில் இல்லாத முதுநிலைப் படிப்பு புதிய இடத்தில் இருந்தால் விலக்கு உண்டு என்று அது பிறகு வேறு வாசல் வழியாகத் திரும்பியது.

எனக்கு வியப்பு தருவது அடுத்த கணக்கு. அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட். செமஸ்டருக்கு 15 என்றால் எட்டு செமஸ்டர். கூடைப்பந்து வீரர்கள் பலர் கோடையிலும் பயிற்சிக்காக வளாகத்திலேயே தங்கிவிடுகிறார்கள். தங்கிய கையோடு வகுப்பும் எடுக்கிறார்கள். ஆறு செமஸ்டரில் 90, மூன்று கோடையில் பத்துப் பத்தாக 30. மூன்றே ஆண்டில் பட்டம்! பிட்ஸ்பர்க்கில் கேமரன் ஜான்சன் மூன்றாண்டில் முடித்தார். இடையில் காயத்தால் ஒரு சீசனை இழந்திருந்ததால் இரண்டு சீசன் மிச்சம். வட கரோலினாவுக்குப் போக நினைத்தவரை, ஓராண்டு உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்று பிட்ஸ்பர்க் முதலில் தடுத்தது. பட்டம் வாங்கியவனை எப்படித் தடுக்கலாம் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார். 2017 ஜூனில் பல்கலைக்கழகம் இறங்கி வந்தது. 2019-ல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வீரர் தேர்வில் 11-வது ஆளாக எடுக்கப்பட்டார்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. டேமியன் லீ ட்ரெக்சலில் பட்டம் முடித்து 2015-ல் லூயிவில்லுக்கு வந்தார். தேசியப் போட்டியில் ஒருமுறையாவது ஆட வேண்டும் என்பதுதான் ஆசை. 2016 பிப்ரவரியில், தங்கள் கூடைப்பந்து அணி மீது நடந்த விசாரணையை ஒட்டி, அந்த ஆண்டுப் போட்டியிலிருந்து பல்கலைக்கழகம் தானே விலகிக்கொண்டது. லீ எந்தத் தவறும் செய்யவில்லை. அந்த ஒரே சீசனில் இருந்த வாய்ப்பும் அத்தோடு போயிற்று. ட்ரெக்சல் கொடுத்த பட்டத்தை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை.

மாறிப் போகிறவர்கள் சேரும் முதுநிலைப் படிப்பு என்ன ஆகிறது? அங்கேதான் கணக்கு உதைக்கிறது. முதுநிலைக்கு 30 முதல் 36 கிரெடிட். செமஸ்டருக்கு 9 எடுத்தால் ஆகஸ்ட் முதல் மே வரை 18. மார்ச்சில் சீசன் முடிகிறது, மே மாதம் உதவித்தொகை முடிகிறது, படிப்பு பாதியில் நிற்கிறது. முடிக்காமல் போகிறவரின் உதவித்தொகை இடத்தை அடுத்த ஆண்டும் அணியின் கணக்கிலேயே வைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. 2019 ஏப்ரலில் அது தோற்றது. தோற்றிருக்கக் கூடாது.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 கணக்கைப் பாருங்கள். பள்ளிப் படிப்போடு நின்றவரின் இடைநிலை வாரச் சம்பளம் 899 டாலர். இளநிலைப் பட்டதாரிக்கு 1,493. முதுநிலைக்கு 1,737. பெரிய தாவல் முதல் பட்டத்தில் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த வீரர்கள் ஊர் மாறினார்கள். கல்லூரி வீரர்களில் மிகச் சிலரே என்.பி.ஏ. போய்ச் சேரும் உலகத்தில் இது சின்ன விஷயமில்லை. ஆனாலும் முதுநிலையின் 244 டாலரும் வாராவாரம் வரும் காசுதான். பாதிப் படிப்புக்கு அதில் பங்கு கிடையாது.

2021-ல் யார் வேண்டுமானாலும் ஒருமுறை உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. வீரர்களுக்கு அந்தச் சுதந்திரம் நியாயமானது. ஆனால் பட்டத்தை முடித்தால் கதவு திறக்கும் என்ற அந்தப் பழைய தூண்டுதல் காணாமல் போனது. அதன் இடத்தை நிரப்ப ஒரு வழி உண்டு. கல்வி சார்ந்த உதவிகளுக்கு என்.சி.ஏ.ஏ. வரம்பு போடக் கூடாது என்று 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. முதுநிலைப் படிப்புக்கான உதவித்தொகையும் அதில் அடங்கும். ஒரு சீசனுக்காக ஒரு பட்டதாரியை அழைக்கும் பல்கலைக்கழகம், ஆட்டம் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் கிரெடிட்டுகளுக்கான கட்டணத்தையும் சேர்க்கும் நாளிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும்.