செவியின் உறையில் ஒரு சேமிப்பு

நேயர்கள் தம் செவிமடலைச் சற்றே மடக்கி விட்டுப் பார்க்கலாம். அது உடனே பழைய வடிவை அடைந்துவிடும். இம்மீள்தன்மை அதனுள் அமைந்த குருத்தெலும்பினுடையது. ஆயினும் அதனுள் இரத்தக் குழாய்கள் இல்லாமையால், சிதைந்தால் தானே செவ்வனே வளர்வதில்லை.

செவிமடல் குறைபட்டுப் பிறந்த குழந்தைக்கு அதன் விலாக் குருத்தெலும்பையே வெட்டிச் செதுக்கிப் பொருத்துவது வழக்கம். 1959-இல் அமெரிக்க மருத்துவர் டான்ஸர் வெளியிட்ட முறை இதற்கு வழிகாட்டிற்று. காது கிடைக்கிறது, அதற்கு ஈடாக மார்பில் வலியும் தழும்பும். குழந்தைக்கு இது சிறு விலையன்று.

2011-ஆம் ஆண்டில் ஜப்பானிய யோகோஹாமா நகரப் பல்கலைக் கழகத்தார், செவிக் குருத்தெலும்பைப் போர்த்திய மெல்லிய உறையில் மூல உயிரணுக்கள் தங்கியிருப்பதைக் கண்டனர். அவ்வுறையில் சிறு துணுக்கை எடுப்பது எளிது. அவ்வணுக்களைப் பெருக்கியதில் 2 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட குருத்தெலும்பு உருவாயிற்று; சுண்டெலியின் உடலில் 10 மாதங்கள் கழிந்தும் அதில் சுண்ணாம்பு படியவில்லை, கட்டியும் தோன்றவில்லை. அதனினும் வியப்பு, புதிய குருத்தெலும்பு தனக்கென ஓர் உறையையும் அதனுள் மூல உயிரணுக்களையும் பெற்றிருந்தமையே.

2018-இல் சீன மருத்துவர்கள் ஐந்து குழந்தைகளுக்கு வளர்த்த காதுகளைப் பொருத்தியதாக அறிவித்தனர். அவற்றுக்குப் பயன்பட்டவை குறைச்செவியிலிருந்து எடுத்த முதிர்ந்த குருத்தெலும்பு அணுக்கள். உறையின் மூல உயிரணுக்கள் அல்ல.