பகா எண்களின் வழியில் – 9: 691 தங்கும் இடங்கள்

சென்ற வாரம் பெர்னூலி எண்களில் நின்றோம். பத்தாவது எண் வரை பின்னங்களின் தொகுதியில் 1, 5 தவிர வேறெதுவும் வருவதில்லை. பன்னிரண்டாவது −691/2730. இந்த 691 எதற்காக இங்கே வந்தது?

ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தோடு மல்லுக்கட்டிய எர்ன்ஸ்ட் கும்மர், 1850 வாக்கில் பகா எண்களை இரண்டாகப் பிரித்தார். தனக்கு முன்னால் வரும் பெர்னூலி எண்களின் தொகுதிகளில் ஒன்றையேனும் வகுக்கும் பகா எண் ஒழுங்கற்றது. ஒழுங்கானவற்றுக்கெல்லாம் தேற்றத்தை அவர் நிறுவினார். நூறுக்குள் அவருக்குப் பிடிகொடுக்காதவை 37, 59, 67 ஆகிய மூன்றுதான். 691-உம் அந்த ஒழுங்கற்ற கூட்டத்தைச் சேர்ந்ததே.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் 1973-இல் டேனியல் குயிலன் உயர் கே-கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டார். கூட்டல், கழித்தல், பெருக்கல் உள்ள எந்த வளையத்துக்கும் அது கே-0, கே-1, கே-2 என்று முடிவில்லாத குலவரிசை ஒன்றைத் தருகிறது. வளையத்தின் உறுப்புகளால் அமைந்த, நேர்மாறுள்ள அணிகளின் ஹோமாலஜியிலிருந்து இந்தக் குலங்களைப் பற்றி அறியலாம். நாம் பள்ளியில் படித்த சாதாரண முழு எண்களும் ஒரு வளையம்தான். அதன் கே-22 என்ன? சரியாக 691 உறுப்புகள் கொண்ட சுழற்குலம். கே-23? 65520 உறுப்புகள். கணிதவியலாளர்கள் வோயவோட்ஸ்கியும் ரோஸ்ட்டும் பல ஆண்டுகள் உழைத்துத் திறந்த பாதை வழியேதான் இந்த விடைகள் உறுதியாயின.

இந்த இரு எண்களும் ராமானுஜனைப் படித்தவர்களுக்குப் புதியவை அல்ல. 1916-இல் வெளியான கட்டுரையில் அவர் எழுதிய ஒரு சமன்பாட்டின் இடப்பக்கம் 691-இல் தொடங்குகிறது; அடுத்து நிற்பது 65520. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முழு எண் மதிப்பைத் தரும் அவருடைய டௌ சார்பிலும் 691 உண்டு. எந்த எண்ணை எடுத்தாலும், அதன் வகுத்திகளின் 11-ஆம் அடுக்குகளைக் கூட்டி, டௌ மதிப்பைக் கழித்தால், மீதி 691-ஆல் வகுபடும். 2-க்குச் செய்து பாருங்கள்: 1 + 2048 = 2049; டௌ −24; வித்தியாசம் 2073, அதாவது மூன்று 691. குயிலன் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, அவருடைய இரு குலங்களின் அளவுகளும் ஒரே வரியில் அருகருகே இருந்திருக்கின்றன! கணிதத்தில் இதைவிட என்னை உலுக்கிய பொருத்தம் வேறில்லை.

தற்செயல் இல்லை. பன்னிரண்டாம் பெர்னூலி எண்ணை 24-ஆல் வகுத்தால், குறியை விட்டால், கிடைப்பது 691/65520. தொகுதி கே-22-இன் அளவு, பகுதி கே-23-இன் அளவு.

இன்னும் அவிழாத முடிச்சு நான்கின் மடங்குகளில் இருக்கிறது. கே-4, கே-8, கே-12… எல்லாமே வெறுமையா, அதாவது ஒரே ஓர் உறுப்பு மட்டும் கொண்டவையா? அப்படியானால், ஒழுங்கற்ற பகா எண்களைப் பற்றிய கும்மர்–வாண்டிவர் ஊகம் முழுவதும் உண்மை. ஊகம் உண்மையானால் இவை வெறுமை. 1992-இல் குரிஹாரா காட்டியது இது. 214 கோடி வரை உள்ள பகா எண்களைக் கணினியில் சோதித்தும் ஊகத்துக்கு எதிராக ஒன்றுகூட அகப்படவில்லை. கே-4 வெறுமை என்று ரோக்னஸ் 2000-இல் நிறுவினார். கே-8-க்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு வோரோனோயின் பழைய இருபடி வடிவங்களைக் கொண்டு அணிகளின் ஹோமாலஜியைக் கணக்கிட்டார்கள். வரிசையில் அடுத்தது கே-12.