பத்து வீட்டு லயத்தில் ஓர் எண்

2016 மே 17. விடாமல் கொட்டிய மழையில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்தது. அன்றே புளத்கொஹூபிட்டிய களுப்பஹன தோட்டத்திலும் மண் இறங்கி லயக் காம்பராக்களை மூடியது.

எவ்வளவு மழை ஆபத்து என்பதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எல்லை வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் உஷாராக வேண்டும். 150ஐத் தாண்டினால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஆனால் அறிவிப்பு வந்ததும் எல்லாரும் கிளம்பிவிடுகிறார்களா? “பக்கத்து வீட்டு மாமா கெளம்பட்டும், நாங்களும் வர்றோம்” என்பார்கள். ஆக, மழைக்கு இருப்பதுபோல மனிதருக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1978இல் அதைக் கணக்காக்கிக் காட்டினார்.

பென்சிலை எடுங்கள். ஒரு லயத்தில் 10 வீடுகள். எத்தனை வீடுகள் போனபின் தாங்கள் போவார்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். முதல் வீட்டுக்கு 0, யாருக்கும் காத்திராமல் கிளம்பும். இரண்டாம் வீட்டுக்கு 1, மூன்றாவதுக்கு 2 என்று போய், பத்தாவதுக்கு 9. முதல் வீடு கிளம்பியதும் இரண்டாவது, அதைப் பார்த்து மூன்றாவது... லயமே காலி!

இப்போது இரண்டாம் வீட்டின் 1ஐ அழித்து 2 போடுங்கள். முதல் வீடு கிளம்பும். அடுத்து? 2 வீடுகள் போகட்டும் என்று இருவர் காத்திருக்க, யாருமே அசைய மாட்டார்கள். எண்களின் கூட்டுத்தொகை 45 இருந்தது 46 ஆனது, அவ்வளவுதான். ஆனால் 9 குடும்பங்கள் மலையடியிலேயே!

இன்னொரு சிக்கல். நடுராத்திரி, கரண்ட் இல்லை. இஸ்தோப்பில் நின்றால் இடமும் வலமும் உள்ள வீடுகள் மட்டுமே தெரிகின்றன. பழைய எண்களையே வைத்துப் பாருங்கள். மூன்றாம் வீட்டுக்கு 2 வீடுகள் போயிருக்க வேண்டும்; அதன் கண்ணுக்குப் பட்டதோ ஒன்றுதான். இரண்டு வீடுகளோடு எல்லாம் நின்றுவிடும். கோயில் ஒலிபெருக்கியில், “ரெண்டு வீட்டுக்காரங்க ஸ்கூலுக்குப் போய்ட்டாங்க” என்று யாராவது சொன்னால் போதும், மூன்றாம் வீட்டுக் கதவும் திறக்கும். அடுத்தடுத்து அப்படியே அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

46 வந்த அந்த லயத்தில் ஒரே ஒரு வீட்டின் மனதை மாற்ற உங்களுக்கு நேரம் இருக்கிறது. யாரிடம் போவீர்கள்? 9 என்று அடம்பிடிக்கும் தாத்தாவோடு மல்லுக்கட்டலாம். அவரை 1க்கு இறக்கினால் எல்லாரும் கிளம்புவார்கள். 2இல் நிற்கும் வீட்டை 1க்கு இறக்கினாலும் அதேதான். நான் இரண்டாவதுக்குத்தான் ஓடுவேன்.