வழக்கை எழுதும் தமிழ்

சட்டம் படிக்க விரும்பும் தங்கைகள் என்னிடம் முதலில் சொல்வது பேச்சுப் போட்டியில் வாங்கிய பரிசுகளைத்தான். பெற்றோரும் "பிள்ளை நல்லாப் பேசுவா, சட்டத்தரணியாக்கப் பார்க்கிறோம்" என்பார்கள். பேச்சு வேண்டியதுதான். ஆனால் மன்னாரில் தொழில் செய்யும் எனக்கு ஒரு நாளில் நீதிமன்றத்தில் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். மீதி நேரமெல்லாம் எழுத்து: முறைப்பாடு, மறுமொழி, சத்தியக்கடதாசி, எழுத்துமூலச் சமர்ப்பணம். அதுவும் தமிழில். 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தோடு வாசிக்கும்போது, அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை வடக்கு கிழக்கு நீதிமன்றங்களின் மொழியாகத் தமிழை ஆக்கியிருக்கிறது. அந்தத் தமிழை எங்கே கற்பது என்பதே இந்தக் கட்டுரை.

நான் முதலில் கையில் கொடுப்பது ஒரு பழைய சட்டம். 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. அதன் 40ஆம் பிரிவு, வழக்குத் தொடுப்பவர் தன் வழக்குக்குக் காரணமான சம்பவங்களைத் தெளிவாகவும் சுருக்கமாகவும், எங்கே எப்போது நடந்தவை என்ற விபரத்தோடும் எழுத வேண்டும் என்கிறது. 181ஆம் பிரிவு சத்தியக்கடதாசிக்கு எல்லை போடுகிறது: சத்தியம் செய்பவர் தானே அறிந்து, கண்டு, சாட்சி சொல்லக்கூடிய விடயங்களே அதில் இருக்க வேண்டும். எளிமையாக எழுதுவது ஏதோ புதிய நாகரிகம் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு பிரிவுகளும் போதும்.

ஆனால் நடைமுறையில் வருவது வேறு. நானே இட்டுக்கட்டிய உதாரணம் ஒன்று: "மேற்படி எதிராளியானவர் மேற்படி காணியினுள் அத்துமீறிப் பிரவேசித்து அதன்கண் காணப்பட்ட வேலியினை அகற்றியதன் மூலம் வழக்காளிக்குப் பாரிய நட்டம் ஏற்படுத்தப்பட்டுள்ளதாகப் பணிவுடன் எடுத்தியம்பப்படுகின்றது." வாசிக்கக் கம்பீரமாக இருக்கிறது. எப்போது நடந்தது? எந்தப் பக்கத்து வேலி? யார் கண்டது? ஒன்றும் இல்லை. இப்படி எழுதலாம்: "2011 மார்ச் 4ஆம் திகதி காலை எதிராளி என் காணிக்குள் வந்தார். வடக்கு எல்லையில் இருந்த பனைமட்டை வேலியைப் பிடுங்கினார். நான் வாசலில் நின்று பார்த்தேன்." குறுக்கு விசாரணையில் இந்த மூன்று வாக்கியங்களையும் அசைப்பது கடினம். முதலாவது வாக்கியத்தை அசைக்க ஆளே தேவையில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு ரிச்சர்ட் வைடிக் 1979இல் வெளியிட்ட சிறிய நூல் ஒன்று புகழ்பெற்றது. ஒரு வாக்கியத்தில் பொருள் தரும் சொற்கள் எத்தனை, அவற்றை ஒட்ட வைக்கும் பசைச் சொற்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கச் சொல்வார். தமிழுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது; எங்கள் பசை வேற்றுமை உருபாகச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் நான் எண்ணுவது எச்சங்களை. பிரவேசித்து, அகற்றியதன் மூலம், ஏற்படுத்தப்பட்டுள்ளதாக... மூன்றுக்கு மேல் போனால் வாக்கியத்தை உடைத்துவிடுவேன். "பட்டது" வரும் இடமெல்லாம் "யாரால்?" என்று கேட்பேன்.

அடுத்தது சொற்கள். அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகளையும், பாராளுமன்றச் சட்டங்களின் தமிழ்ப் பிரதிகளையும் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு சட்டத்தை எடுத்தால் அதன் கடைசிப் பிரிவையும் பாருங்கள். சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று பெரும்பாலும் அங்கே இருக்கும். ஆகவே தமிழ்ப் பிரதியை மட்டும் நம்பி வாதத்தைக் கட்ட முடியாது. இந்தியச் சட்டத் தமிழ் நூல்களிலும் கவனம் வேண்டும். அங்கே வாதி, பிரதிவாதி. இங்கே வழக்காளி, எதிராளி. அங்கே பிரமாணப் பத்திரம், இங்கே சத்தியக்கடதாசி. அவர்களுடைய பத்திரம் எங்களுக்கு உறுதி. இரண்டையும் கலந்தால் வாசிப்பவர் தடுமாறுவார்.

நடைக்கு நான் பழைய ஆட்களிடம் போகிறேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீபாக இருந்தவர். ஆங்கிலத்தில் இருந்த மேல்மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' அவருடையது. நம் நாட்டில் 1885இல் 'அஸன்பே சரித்திரம்' எழுதிய சித்திலெப்பையும் சட்டத் தொழில் செய்தவரே. தமிழின் முதல் நாவலும் இலங்கையின் முதல் தமிழ் நாவலும் நீதிமன்ற வாசனை அறிந்தவர்களிடமிருந்து வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. யார், எப்போது, என்ன செய்தார் என்று ஒழுங்காகச் சொல்வதுதானே இரண்டு வேலையும்.

இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன போகும்? எங்கள் பகுதியில் காணி போகும். ஒருவரின் காணியை இன்னொருவர் பத்து வருடம் எதிரிடையாக ஆண்டால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அவர் உரிமை கோரலாம். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டியிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் இறங்கியவர்களால் பத்து வருடத்துக்குள் எப்படி வழக்குப் போட்டிருக்க முடியும்? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட வழி செய்தது. அந்தப் பயனைக் கேட்பவர் "யுத்த சூழ்நிலை காரணமாக" என்று எழுதினால் போதாது. எந்த ஊரிலிருந்து, எந்தத் திகதியில், எப்படிப் போனார், எங்கே தங்கினார், எப்போது திரும்பி வந்து காணியைப் பார்த்தார், அங்கே யார் இருந்தார் என்பதெல்லாம் வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே இவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் நான்கெல்லையையாவது கேளுங்கள்.

இன்னொரு இடம் காதி நீதிமன்றம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி அங்கே சட்டத்தரணி ஒருவருக்காகத் தோன்ற முடியாது. பெண் தானே போய்ப் பேச வேண்டும். பதற்றத்தில் பாதி மறந்துபோகும். அப்போது துணைக்கு நிற்பது அவர் கொண்டுபோன தாள்தான். அந்தத் தாளைப் பல வீடுகளில் எழுதுவது சாதாரணதரம் படிக்கும் மகள். எனவே தங்கைகளே, சட்டத்தரணியாகும் முன்பே உங்களுக்கு இந்த வேலை வந்து சேரலாம். தாபரிப்புக் கேட்கும் விண்ணப்பம் என்றால், கணவர் கொடுமைக்காரர் என்று அரைப்பக்கம் எழுதுவதை விட, பணம் வருவது எந்த மாதம் நின்றது, அவர் என்ன தொழில் செய்கிறார், வீட்டு வாடகை எவ்வளவு, பால்மா, மருந்து, பாடசாலை வேன் ஒவ்வொன்றுக்கும் மாதம் எத்தனை ரூபா என்று எழுதுங்கள். பற்றுச்சீட்டு இருந்தால் இணையுங்கள்.

பிறகு அதை உம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். "இல்ல மகள், காசு நின்டது நோன்புக்கு முந்தின மாசம்" என்று அவர் ஓரிடத்தில் நிறுத்துவார். கலண்டரைப் பார்த்து அந்த மாதத்தைத் திருத்தி எழுதிய பிறகே கையொப்பம் வாங்குங்கள்.