பொய் வெடி, நிஜப் பயிற்சி!

தீபாவளியன்னிக்கு நம்ம மாசி வீதிச் சந்துக்குள்ள ஒரு அணுகுண்டு வெடிச்சா, எந்தப் பக்கம் வெடிச்சதுன்னே தெரியாது. சத்தம் ரெண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்புவதுதான் காரணம். ஊருக்குள் சண்டையிடும் வீரர்களுக்கும் இதே குழப்பம்தான். கூடவே புகை, இருட்டு, அலறல்!

2008 நவம்பர் 26 அன்று மும்பையில் தீவிரவாதிகள் தாக்கினார்கள். தேசியப் பாதுகாப்புப் படையின் கறுப்புப் பூனை வீரர்கள் தாஜ் ஓட்டலில் அறை அறையாகத் தேடினார்கள். கதவுக்குப் பின்னால் இருப்பது எதிரியா, பயந்து ஒளிந்திருக்கும் விருந்தாளியா? முடிவெடுக்க ஒரு நொடிதான். மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் அங்கேதான் வீர மரணம் அடைந்தார்.

இந்த ஒரு நொடிக்குத்தான் பொய்ச் சத்தம், பொய்ப் புகை வைத்துப் பயிற்சி.

* வெற்றுத் தோட்டா: மருந்து உண்டு, குண்டு கிடையாது. சத்தமும் நெருப்பும் வரும். (ரொம்பப் பக்கத்தில் சுட்டால் அதுவும் ஆபத்து!)
* புகை எந்திரம்: கிளைக்கால் கலந்த தண்ணீரைச் சூடாக்கி அறையையே மறைத்துவிடும்.
* லேசர்: துப்பாக்கியிலிருந்து வரும் கதிர் எதிராளி சட்டையில் உள்ள உணர்கருவியில் பட்டால் அவர் 'அவுட்'!
* அட்டைப் படங்கள்: ஒன்றில் துப்பாக்கிக்காரன், இன்னொன்றில் குழந்தையோடு தாய்.

நம்ம தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் 'சாகர் கவச்' ஒத்திகை நடக்கும். சில போலீஸார் தீவிரவாதி வேடத்தில் டம்மி குண்டோடு ஊடுருவுவார்கள், மத்தவங்க பிடிக்கணும்.

பயத்தில் நெஞ்சு படபடக்கும், பார்வை குறுகும். பலமுறை பழகினால்தான் கை பதறாது. என்னைக் கேட்டால், இந்தப் பயிற்சி சுடுவதைவிட, எப்போ சுடக்கூடாது என்பதைத்தான் கற்றுத் தருகிறது. ஒரு அப்பாவி உயிர் அதில்தானே இருக்கு!